பொருளுக்கு எல்லை வகுத்த தொழில்முனைவர்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றப்பெற்ற உரை)





புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் இன்று பல இல்லங்களில் உள்ளனர். விரைந்து வளர்வது எவ்வாறு என்று அவர்களுக்குச் சொல்லித்தருவோர் பலர். எங்கே நிறுத்துவது என்று சொல்லித்தருவோர் மிகச் சிலர். அதனை வாழ்ந்து காட்டிய ஒருவர் அமெரிக்க நாட்டு இவோன் ஷூனார்ட்.

மலையேறுவதில் பெருவிருப்பம் கொண்ட அவர், 1957ஆம் ஆண்டில் பழைய உலைக்களம் ஒன்றை வாங்கிக் கொல்லுத் தொழிலைத் தாமே கற்றார். பாறைப் பிளவுகளில் அடித்து இறக்கும் எஃகு முளைகளைச் செய்து, தம் காரில் வைத்து விற்றார். 1970இல் அந்நாட்டின் மலையேற்றக் கருவி வணிகத்தில் அவர் நிறுவனமே முதலிடம் பெற்றது. வருவாயின் பெரும்பகுதி அம்முளைகளால் வந்ததே.

அந்நாளில் யோசெமிட்டியின் எல் கேபிடன் பாறையில் ஏறியவர், தாம் விற்ற முளைகள் மீண்டும் மீண்டும் அடிக்கப்பட்டுப் பாறை சிதைந்திருப்பதைக் கண்டார். குற்றத்தை மலையேறுவோர் மீது சுமத்தவில்லை. நன்கு விற்ற பொருளையே படிப்படியாகக் கைவிட்டு, கையால் செருகி எடுக்கத்தக்க அலுமினிய ஆப்புகளை 1972ஆம் ஆண்டின் விலைப்பட்டியலில் முன்வைத்தார். தன் பிழையைத் தானே காண்பது தலைமையின் முதற்படி.

1973இல் படகோனியா என்னும் ஆடை நிறுவனத்தைத் தோற்றுவித்தார். அது அளவுக்கு மீறி வளர்ந்தது. 1991இல் பொருளாதார மந்தம் வந்தபோது 120 பேரை, அதாவது ஐவரில் ஒருவரை, வேலையிலிருந்து நீக்க நேர்ந்தது. தலைவரின் வளர்ச்சி வேட்கைக்கு விலை கொடுத்தவர்கள் தொழிலாளர்கள். அதன்பின், நிதானமான வளர்ச்சியே போதும் என்று அந்நிறுவனம் உறுதி பூண்டது.

2022 செப்டம்பரில் அவரும் மனைவியும் மக்கள் இருவரும் ஏறத்தாழ 300 கோடி டாலர் மதிப்புடைய அந்நிறுவனத்தின் உரிமையைத் துறந்தனர். வாக்குரிமைப் பங்குகள் ஓர் அறக்கட்டளைக்கும், எஞ்சிய 98 விழுக்காட்டுப் பங்குகள் இயற்கையைக் காக்கும் இலாப நோக்கற்ற அமைப்புக்கும் சென்றன. விற்றிருந்தால் பெரும் பணம் வந்திருக்கும். ஆயினும் வாங்குபவர் அந்நெறியைக் காப்பார் என்பதற்கு உறுதி ஏது?

அவர் சமணர் அல்லர். மீன் பிடித்தலில் ஈடுபாடு உடையவர். கொல்லாமை அவர் கொண்ட நோன்பன்று. அனைத்தையும் அவரிடமிருந்து கொள்ள வேண்டுவதில்லை. எனினும், மிகுபொருள் விரும்பாமை என்று இல்லறத்தார்க்கு நம் அறம் வகுத்த அணுவிரதத்தின் பயனை அவர் வாழ்வில் காணலாம்.

அவ்விரதம் பொருளீட்டுவதைத் தடுப்பதன்று. 'இவ்வளவு போதும்' என்று முன்கூட்டியே எல்லை வகுப்பது. எல்லை வகுக்காதவனுக்கு வந்ததெல்லாம் குறைவாகவே தோன்றும். அந்தக் குறையை நிரப்பப் பிறர் உழைப்பையும் பிற உயிர்களையும் சுரண்டத் தயங்கான். ஆசைக்கு அளவு வகுத்தவனிடமே பிறர் அச்சமின்றிப் பணிபுரிவர்.

முதுமையில் துறப்பது அரிது. இளமையில் அளவு வகுப்பது அதனினும் அரிது. ஆதலின் இளைஞர்களே, தொழில் தொடங்கும் நாளில் கணக்கேட்டின் முதற்பக்கத்தில் இரண்டு வரிகள் எழுதுங்கள். என் குடும்பத்திற்கு எவ்வளவு போதும்? அதற்கு மேல் வருவது யாருக்கு? முன்னோர் ஏற்ற விரதம் அந்த இரண்டு வரிகளில் தொடரும்.

அறம் வளர்க! அருளுடைமை ஓங்குக!