படித்த பிள்ளைக்கு ஆலைக் கதவு திறக்கவில்லை

(ஆலை வாயிற்கூட்டம் ஒன்றில் ஆற்றிய உரையின் சாரம்)

தோழர்களே!

பஞ்சப்படி, போனஸ் கோரிக்கைகளைப் பேசத்தான் கூடியிருக்கிறோம். அந்தப் பட்டியலில் இன்னொன்றையும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ளவே நான் எழுந்தேன்.

விவசாயக் கூலித் தோழர் ஒருவரின் மகன். பிறவியிலேயே வலது கால் சூம்பியவன். பள்ளிக்கூடத்தில் இருந்தவரை உதவித்தொகை கிடைத்தது. பஸ் பாஸ் கிடைத்தது. ஐ.டி.ஐ.யில் பிட்டர் வேலை படித்துச் சர்ட்டிபிகேட்டும் வாங்கினான். வேலை கேட்டு ஒரு மில்லுக்குப் போனான்; நானும் கூடப் போனேன். அரத்தைக் கையில் கொடுத்து, "ராவிக் காட்டு" என்று யாரும் சொல்லவில்லை. காலைப் பார்த்தார்கள், "நின்று வேலை செய்ய உன்னால் ஆகாது" என்று அனுப்பிவிட்டார்கள். உயரமான ஒரு ஸ்டூல் போட்டால் தீர்ந்துபோகிற காரியம்! இன்னோர் இடத்தில், "வா, ஆனால் பாதிக் கூலிதான்" என்றார்கள்.

இன்று அவன் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிறான். சர்ட்டிபிகேட் தாயின் டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது.

சட்டம் இல்லையா? இருக்கிறது. 1995-ம் ஆண்டுச் சட்டம் அரசு வேலையில் 100-க்கு 3 இடம் ஒதுக்கியது. 2016-ம் ஆண்டுச் சட்டம் அதை 4 ஆக்கியது. ஆனால் நிரந்தர வேலையை ஒழித்துக் காண்டிராக்ட் விட்டால் அந்த 4-ம் ஏட்டுச் சுரைக்காய்தான். தனியார் முதலாளிக்கோ கட்டாயமே கிடையாது. 100-க்கு 5 பேரை வைத்துக்கொள்ளச் சலுகை தருகிறோம் என்று அவரிடம் சட்டம் நயந்து கேட்கிறது!

1948-ம் ஆண்டுக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின் கதை என்ன? ஊனமுற்ற தொழிலாளியின் கூலிக்கு அச்சட்டம் பொருந்தாது என்று உத்தரவிட அரசுக்கு அதிகாரம் அளிக்கும் பிரிவே அதில் இருந்தது. பாதிக் கூலி என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்று புரிகிறதல்லவா?

2010-ல் தமிழக அரசு "மாற்றுத் திறனாளிகள்" என்று பெயரை மாற்றியது. நல்லதுதான். ஆலைக் கதவு திறந்ததா?

தோழர்களே, நம்மீதும் குறை உண்டு. "பாவம், வீட்டோடு இருக்கட்டும்" என்று நம்மில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்! மிஷினில் விரலைப் பறிகொடுத்த தோழர்கள் இந்தக் கூட்டத்திலேயே நிற்கிறார்கள். அவர்களுக்கு மாற்று வேலை கொடு என்று சங்கம் போராடவில்லையா? அந்த நியாயம் இந்தப் பையனுக்கும் உண்டு.

ஆகவே கோரிக்கைப் பட்டியலில் எழுதுவோம்: காலைப் பார்க்காதே, கைவேலையைச் சோதித்துப் பார்! ஏற்ற வசதி செய்து கொடு! ஒரே வேலைக்கு ஒரே கூலி கொடு!

உங்கள் ஊரில் இப்படிப் படித்துவிட்டு வீட்டில் முடங்கியிருக்கும் பிள்ளைகளின் பெயர்களை எழுதி, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் சங்கத்தில் கொடுங்கள். அவர்களையும் அழைத்துக்கொண்டே நிர்வாகத்திடம் போவோம்.