பரு போகட்டும், மச்சம் இருக்கட்டும்



இன்றைய தலைப்பு, முகப்படங்களில் தோலைத் திருத்தும் கலை. திருமணப் படம், பட்டமளிப்புப் படம், வீட்டுக் கூடத்தில் மாட்டும் பெரியவர்களின் படம் என எல்லாவற்றிலும் இன்று கணினியின் கை பட்டிருக்கிறது. இத்தொழிலைக் கற்க வரும் இளையோர் முதலில் பழக்க வேண்டியது கையையா, கண்ணையா என்பதே கேள்வி.

ஒரு வீட்டை எண்ணிப் பாருங்கள். தோட்டப்புறத்தில் பால்மரம் சீவிப் பிள்ளைகளை ஆளாக்கிய பாட்டி ஒருவர் காலமாகிறார். கருமக்கிரியைக்குப் படம் வேண்டும். "கொஞ்சம் சுத்தம் செஞ்சு பெருசாக்கிக் குடு, தம்பி" என்று பழைய படம் ஒன்றைக் கடையில் கொடுக்கிறார்கள். புதிதாய் வேலைக்குச் சேர்ந்த இளைஞர் இரவெல்லாம் உழைக்கிறார். முகச் சுருக்கம் போகிறது. நெற்றியிலிருந்த சிறு புள்ளியும் போகிறது. மாலையிட்ட படத்தைப் பார்த்த பேரன், "அம்மா, இது பாட்டி மாதிரி இல்லையே" என்கிறான். அந்தப் புள்ளி கறையன்று; பாட்டி சிறுவயதில் குத்திக்கொண்ட பச்சை. இளைஞருக்குக் கருவி தெரிந்திருந்தது. முகம் தெரியவில்லை.

திருத்தும் கலை கணினியோடு பிறந்ததன்று. கண்ணாடித் தகட்டிலும் பிலிமிலும் படமெடுத்த நாள்களில், நெகட்டிவ்மீது மெருகெண்ணெய் பூசி, கூரிய பென்சிலால் மெல்லப் புள்ளியிடுவார்கள். முகத்தில் கருமையாய்த் தெரியும் கோடு நெகட்டிவில் வெளிறி இருக்கும். அந்த இடத்தைப் பென்சில் நிரப்பினால் அச்சில் கோடு மங்கும். சற்று மிகுந்தால் அதுவே வெள்ளைத் தழும்பாய் நிற்கும். எனவே கை அடக்கமாக இருந்தது. 1990இல் போட்டோஷாப் வந்தது. 2002இல் வந்த அதன் 7ஆம் பதிப்பில் ஹீலிங் பிரஷ் சேர்ந்தது. வேலை எளிதாயிற்று, அடக்கம் குறைந்தது.

கற்க வேண்டியவை மூன்று. முதலாவது, பருவை நீக்குவது. குளோன் ஸ்டாம்ப் ஓரிடத்துத் தோலை அப்படியே மற்றோர் இடத்தில் ஒட்டும். ஹீலிங் பிரஷ், எடுத்த தோலின் நுண்மையை ஒட்டும் இடத்தின் நிறத்துக்கும் ஒளிக்கும் இசையச் செய்யும். பருவுக்குப் பின்னதே ஏற்றது. எந்தத் திருத்தத்தையும் மூலப்படத்தின்மேல் செய்யாமல் புதிய லேயரில் செய்வது நல்ல பழக்கம்.

இரண்டாவது, டாட்ஜ், பர்ன் எனப்படும் முறை. இருட்டறையில் அச்சுத்தாள்மீது விழும் ஒளியைக் கையால் தடுத்தும் கூட்டியும் செய்த வேலைதான் இது. 50 விழுக்காட்டுச் சாம்பல் நிற லேயரைச் சாஃப்ட் லைட் முறையில் வைத்து, வெள்ளைத் தூரிகையால் மெல்லத் தடவினால் அவ்விடம் வெளிச்சமாகும். கறுப்பால் தடவினால் நிழலாகும். கண்ணுக்குக் கீழுள்ள கருவளையத்தை அழிக்காமலே தணிக்கலாம்.

மூன்றாவது, ஃபிரீக்குவன்சி செப்பரேஷன். நிறமும் ஒளிநிழலும் ஒரு லேயரில் இருக்கும்; மயிர்த்துளை, மெல்லிய கோடு போன்ற நுண்மைகள் மற்றொன்றில் இருக்கும். முன்னதில் நிறத் திட்டுகளைச் சமன்செய்தாலும் தோல் தோலாகவே தெரியும். இந்தப் பொறுமை இல்லாதவர்கள் முகம் முழுவதையும் ஒரே அடியாய் மங்கச் செய்கிறார்கள். கிடைப்பது மெழுகுபொம்மை. திரையில் முகத்தைப் பலமடங்கு பெரிதாக்கி ஒவ்வொரு துளையையும் துரத்துவதும் தவறு. அவ்வப்போது படத்தைச் சுருக்கி, முழு முகத்தையும் பார்க்க வேண்டும்.

எதை எடுப்பது, எதை விடுவது? இத்தொழிலில் நல்ல வழக்கம் ஒன்று உண்டு. இரண்டு வாரத்தில் தானாகவே மறையக்கூடியதை எடுக்கலாம்: பரு, கொசுக்கடி, சவரக் காயம். ஆயுள் முழுதும் கூடவே வருவதை உரியவரைக் கேட்காமல் தொடக்கூடாது: மச்சம், அம்மைத் தழும்பு, பச்சை.

நேயர்களே, நிறத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். வண்ணப்படம் அச்சிடும் கூடங்களில் தோல் நிறத்தைச் சரிபார்க்கக் கோடாக் நிறுவனம் அனுப்பிய அட்டைகளில், பல்லாண்டுகள் வெள்ளைக்காரப் பெண்ணின் முகமே அளவுகோலாக இருந்தது. கறுத்த முகங்கள் அதனால் சரியாக வராமல் போயின. 1990களில் பல நிறத்தவர் இடம்பெற்ற அட்டைகள் வந்தன. இன்றைய கணினியில் அந்தக் குறையைப் பெருமளவு சரிசெய்துகொள்ளலாம். ஆனாலும் திருமணப் படத்துக்கு, "பொண்ணைக் கொஞ்சம் வெள்ளையா போட்டுடுங்க அண்ணே" என்று சொல்வது யார்? வீட்டாரேதான். முகம் வெளுக்கிறது, மருதாணியிட்ட கை பழைய நிறத்திலேயே இருக்கிறது. தன் நிறம் ஒரு குறை என்று சொல்லும் படத்தை அந்தப் பெண் ஆயுள் முழுதும் சுவரில் பார்க்க வேண்டியிருக்கிறது.

மாநிறத் தோலின் அழகு, அதில் விழும் ஒளியில் இருக்கிறது. படமெடுக்கும்போதே வெளிச்சத்தைச் சரியாக அமைத்தால், பிறகு எண்ணெய் வழியும் மினுமினுப்பைத் தணித்தாலே போதும். நிறத்தை மாற்றச் சொல்லும் வாடிக்கையாளரிடம், மாற்றாத படத்தையும் சேர்த்துக் காட்டுவது தொழில் நேர்மை. நார்வேயில் 2022 முதல், விளம்பரப் படத்தில் உடலையோ தோலையோ திருத்தியிருந்தால் அதைப் படத்திலேயே குறிப்பிட வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. நம் வீட்டுப் படங்களுக்குச் சட்டம் இல்லை, மனச்சான்று உண்டு.

அந்தப் பாட்டியின் படத்துக்கு வருவோம். இளைஞர் மூலப்படத்தில் கைவைக்காமல் தனி லேயரில் திருத்தியிருந்தால், அதை அணைத்த நொடியில் நெற்றிப் பச்சை திரும்பிவிடும். படம் வாங்க வருபவரிடம் "இந்தப் புள்ளி என்ன?" என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அதற்கும் தேவை வந்திராது. கற்க வருவோர் அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்கட்டும்.