புதுமனை புகும் பாம்புக்குட்டி



தமிழர் இல்லங்களிலே புதுமனை புகும் நாள் ஆரவாரம் மிக்க நாள். வாயிலில் மாவிலைத் தோரணம் தொங்கும், நிறைகுடம் வைக்கப்படும், அடுப்பிலே பால் பொங்கும், உற்றாரும் அயலாரும் வந்து குழுமுவர், குழந்தைகள் அறைக்கு அறை ஓடி மகிழ்வர். இவ்வனைத்துக்கும் நேர்மாறான புதுமனை புகுதல் ஒன்று உண்டு. அங்கே பால் கூடாது, கூசும் ஒளி கூடாது, ஓசை கூடாது, பார்க்க வருவோர் கூட்டம் அறவே கூடாது. வீட்டுக்குரியவர் எவ்வளவு விலகி நிற்கின்றாரோ அவ்வளவு நலமாக விருந்தாளி குடியேறும். அந்த விருந்தாளி, முட்டையை விட்டு வெளிவந்து சில வாரங்களே ஆன பாம்புக்குட்டி.

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது நம்மவர் பழமொழி. ஆயினும், இங்கிலாந்து, அமெரிக்கா போன்ற நாடுகளில் கிளியையும் மீனையும் வளர்ப்பதுபோலப் பாம்பை வளர்ப்போர் பலர். அவர்கள் பெரிதும் விரும்புவன இரண்டு இனங்கள். ஒன்று, அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதிக்குரிய சோளப்பாம்பு. மற்றையது, மேற்கு ஆபிரிக்காவிலும் நடு ஆபிரிக்காவிலும் வாழும் பந்து மலைப்பாம்பு. அச்சங் கொண்டவிடத்துப் பந்துபோலச் சுருண்டு தலையை உள்ளே மறைத்துக் கொள்வதால் அதற்கு இப்பெயர் வந்தது. இரண்டும் விஷமற்றவை, கூட்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டு விற்கப்படுகின்றன. முட்டையை விட்டு வரும் சோளப்பாம்புக் குட்டி எட்டு முதல் பன்னிரண்டு அங்குல நீளமே இருக்கும். பருமனோ எழுதுகோல் அளவு.

இச்சிறிய உயிரின் மனநிலை யாது? பாம்பைக் கண்டு மனிதன் அஞ்சுகிறான். ஆனால் பாம்புக்குட்டியோ உலகனைத்தையும் கண்டு அஞ்சுகிறது. காகமும் பருந்தும் கீரியும் பூனையும் அதற்குக் கூற்றுவர். தாய்ப்பாம்பு அதற்கு இரை ஊட்டுவதில்லை, வழி காட்டுவதில்லை. பிறந்த கணமே தன்னந்தனியாக நிற்கும் அதற்கு இயற்கை கற்பித்த முதற்பாடம், ஒளிந்துகொள் என்பதே. ஆகவே, புதிய பெட்டி ஒன்றிலே விடப்பட்டவுடன் அது தேடுவது இரையையன்று, மறைவிடத்தையே.

இதனை அறிந்தவர், குட்டி வருவதற்கு முன்னரே அதன் இல்லத்தை ஆயத்தப்படுத்தி விடுவர். பரந்த மாளிகை அதற்கு வேண்டியதில்லை. வெட்ட வெளியான பெரிய பெட்டி குட்டியை அச்சுறுத்தும். ஆதலால் முதலிற் சிறிய பெட்டியே ஏற்றது. தரையிலே வெள்ளைக் கடதாசி விரித்தாற் போதும். கழிவு உடனே கண்ணிற்படும், தூய்மை செய்தலும் எளிது. கவிழ்த்து வைத்த சிரட்டை ஒன்றின் ஓரத்தில் சிறு வாயில் வெட்டிவிட்டால் அதுவே அரண்மனை. புரண்டு விழாத சிறு கிண்ணத்திலே தண்ணீர் வைத்தல் வேண்டும்.

பாம்பின் உடல் தன் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக் காப்பதில்லை. வெயிலிலும் நிழலிலும் மாறி மாறி இருந்தே அது உடலைச் சமன் செய்கிறது. ஆகவே குளிர்நாட்டினர் பெட்டியின் ஒரு பக்கத்தை மட்டும் ஏறத்தாழ 28 முதல் 30 பாகை செல்சியஸ் வரை சூடாக்கி, மறு பக்கத்தைக் குளிர்ச்சியாக விடுகின்றனர். இங்கே ஒரு நுட்பம் உண்டு. மறைவிடம் ஒன்றே ஒன்றாக இருந்து, அது குளிர்ந்த பக்கத்தில் மட்டும் அமைந்தால், அஞ்சிய குட்டி வெப்பத்தைத் துறந்து மறைவிடத்திலேயே கிடக்கும். வெப்பமின்றேல் இரை செரியாது. எனவே சூடான பக்கத்தில் ஒன்றும் குளிர்ந்த பக்கத்தில் ஒன்றுமாக இரண்டு சிரட்டைகள் வேண்டும்.

மூடியிலும் விழிப்பு வேண்டும். தலை நுழையும் இடைவெளியில் உடலும் நுழைந்துவிடும். காற்று புகத் துளையும், குட்டி புகாத இறுக்கமும் ஒருங்கே அமைதல் அவசியம்.

இனி முதல் வாரம். வளர்ப்பவரின் பொறுமைக்கு இதுவே சோதனை. ஐந்து முதல் ஏழு நாள் வரை குட்டியைத் தொடுதல் கூடாது. தண்ணீர் மாற்றுவதற்கன்றி மூடியைத் திறத்தலும் ஆகாது. பாம்பிற்குக் ‘கட்செவி’ என்று ஒரு பெயர் இலக்கியத்திலே வழங்குகிறது. கண்ணையே செவியாக உடையது என்பது பொருள். பாம்பிற்குப் புறச்செவி இல்லை என்பதை நம் முன்னோர் நன்கு கண்டிருந்தனர். ஆயினும் அது முழுச் செவிடன்று. தரையின் அதிர்வு கீழ்த்தாடை எலும்பின் வழியே அதன் உட்செவியை அடைகிறது. காற்றில் வரும் தாழ்ந்த ஒலிகளையும் அது ஓரளவு உணரும் என ஆய்வுகள் காட்டுகின்றன. பெட்டியருகே குழந்தைகள் தடதடவென ஓடுவதும், கண்ணாடியை விரலால் தட்டுவதும் அதற்குப் பேரிடியாகும்.

வாரம் கழிந்தபின் உணவு. பாலைப் பற்றிய எண்ணத்தை இங்கே விட்டொழித்தல் வேண்டும். புற்றிலே பால் வார்ப்பது வழிபாட்டு மரபு. அம்மரபின் சிறப்பு பக்தியைச் சார்ந்தது. உயிரியல் முறையில் நோக்கின், பால் பாம்பின் உணவன்று. தாகத்தால் துடிக்கும் பாம்பு கிடைத்த நீர்மத்தைக் குடிக்கலாம். அதன் உடல் பாலைச் செரிக்க அமைந்ததன்று. வளர்ப்போர் கொடுப்பது, உறைநிலையில் வைத்துப் பின் இளஞ்சூடாக்கிய சுண்டெலிக் குஞ்சு. அதன் பருமன் குட்டியின் உடற்பருமனை ஒத்திருந்தால் நன்று. ஐந்து முதல் ஏழு நாளைக்கு ஒருமுறை கொடுத்தாற் போதும். குட்டி உண்ண மறுத்தால் வற்புறுத்தாது விலகி, சில நாள் கழித்து மீண்டும் கொடுத்துப் பார்த்தல் வேண்டும். கண்கள் நீலம் பாய்ந்து மங்கினால், சட்டை கழற்றும் காலம் நெருங்கிற்று என்று அறிந்து அப்போதும் தொடாதிருத்தல் நலம். உண்ட பின்னரோ இரண்டு நாள் முழு ஓய்வு. இடையிலே கையில் எடுத்தால் உண்டதைக் கக்கிவிடும்.

முதன்முறை கையில் எடுக்கும்போதும் மேலிருந்து பற்றலாகாது; மேலிருந்து வருவது பருந்தின் கால் என்றே அது கொள்ளும். பக்கவாட்டில் கையை நுழைத்து, உடல் முழுவதையும் தாங்கி, சில நிமிடமே வைத்திருந்து மீளவிடுதல் வேண்டும். பின்னர் கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுதல் கட்டாயம்; வயிற்றோட்டத்தை உண்டாக்கும் கிருமிகள் பாம்பின் தோலில் இருக்கக்கூடும். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் கையிலே கொடுத்தல் ஆகாது.

இவையெல்லாம் மேல்நாட்டார் புதிதாகக் கண்ட நுட்பங்கள் என்று எண்ண வேண்டியதில்லை. தமிழகத்தின் செங்கல்பட்டு மாவட்டத்திலே வடநெம்மேலி என்னும் ஊரில், இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் ஒன்று 1978 ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. முன்னர் பாம்புத்தோல் வாணிகத்தை நம்பி வாழ்ந்த இருளர், அது சட்டத்தால் தடுக்கப்பட்ட பின்னர், தம் பரம்பரை அறிவை உயிர்காக்கும் தொழிலாக மாற்றிக் கொண்டனர். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றைப் பிடித்து, ஒவ்வொன்றையும் தனித்தனி மண்பானையிலே மணல் நிரப்பி வைத்து, வாயைத் துணியாற் கட்டிவிடுகின்றனர். இருள், குளிர்ச்சி, நெருக்கம், அமைதி ஆகிய நான்கும் அப்பானையிலே அமைந்துள்ளன. வாரம் ஒருமுறையாக நான்கு முறை விஷம் எடுத்தபின், வயிற்றுச் செதிலிலே அடையாளமிட்டு மீண்டும் காட்டிலே விட்டுவிடுகின்றனர். இந்திய நச்சுமுறி மருந்துக்கு வேண்டிய விஷத்தின் பெரும்பங்கு இச்சங்கத்திலிருந்தே சென்றுள்ளது. இலங்கை வைத்தியசாலைகளும் நெடுங்காலமாக அம்மருந்தையே பயன்படுத்தி வந்துள்ளன. அப்பானை சில வாரத் தங்குமடமே. பாம்பின் நிலையான வீடு காடு என்பதை இருளர் மறப்பதில்லை.

அதனை மறந்தவர்கள் விளைத்த கேடும் உலகறிந்தது. பர்மிய மலைப்பாம்புக் குட்டி ஏறத்தாழ இரண்டடி நீளத்திலே அழகாக இருக்கும். சில ஆண்டுகளிலே அது பத்தடியைத் தாண்டிவிடும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், வளர்த்தவர்களுக்குச் சுமையான மலைப்பாம்புகள் சதுப்புநிலங்களிலே விடப்பட்டன. சில தப்பியும் ஓடின. 2000 ஆம் ஆண்டளவில் அவை அங்கே நிலைபெற்றுப் பெருகிவிட்டமை உறுதியாயிற்று. முயல் முதலிய சிறு விலங்குகள் பெரிதும் அருகின. 2012 இல் அவ்வினத்தின் இறக்குமதி தடைசெய்யப்பட்டது. 2017 இல் அவற்றைத் தேடிப் பிடிப்பதற்கு இருளர்களான மாசி சடையன், வடிவேல் கோபால் ஆகிய இருவரும் அழைக்கப்பட்டனர். ஏறத்தாழ நான்கு வாரங்களில் 27 மலைப்பாம்புகள் பிடிபட்டன. அவற்றுள் ஒன்று 16 அடி நீளமானது. 2023 இல் இந்திய அரசு இவ்விருவருக்கும் பத்மஸ்ரீ விருது வழங்கிற்று.

வளராத இனத்தைத் தேர்ந்தாலும் காலம் குறுகியதன்று. சோளப்பாம்பு பதினைந்து, இருபது ஆண்டுகள் வாழும். பந்து மலைப்பாம்பு ஒன்றை 1961 இல் ஒருவர் செயின்ட் லூயிஸ் மிருகக்காட்சிச்சாலையிடம் ஒப்படைத்தார். அது 2020 இல், அறுபது வயதைக் கடந்த நிலையிலே முட்டையிட்டு அறிஞரை வியக்க வைத்தது. பத்து வயதுச் சிறுவன் ஆசையோடு ஏற்கும் குட்டி, அவன் பேரனைக் காணும் வரை உயிரோடிருக்கலாம்.

இனி, நம் அயலை நோக்குவோம். பாலை மரத்தின் பெயரையும் நீரூற்றின் பெயரையும் ஒருங்கே தாங்கியது திருகோணமலைப் பாலையூற்று. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை பொழிந்து பொந்துகளில் நீர் புகும்போது, பாம்புகள் மேட்டு நிலத்தையும் வீட்டுத் திண்ணையையும் நாடி வரும். பூச்சாடியின் அடியிலே சிறு பாம்பொன்றைக் கண்ட சிறுவன் அதனைப் போத்தலிலே அடைத்துவிட்டு, “அப்பா, இது குட்டிதானே, நாங்களே வளர்ப்போமே” என்று கெஞ்சுகிறான் என வைத்துக்கொள்வோம். தந்தை என் செய்வார்?

அடித்துக் கொல்ல வேண்டியதில்லை. வளர்க்க இசைதலும் ஆகாது. வெள்ளை வளையங்கள் கொண்ட அக்குட்டி விஷமற்ற ஓநாய்ப் பாம்பாக இருக்கலாம், கட்டுவிரியனாகவும் இருக்கலாம். பழகிய கண்ணும் இவ்விரண்டிலே தடுமாறும். குட்டிதானே என்ற எண்ணம் உயிருக்கே உலை வைக்கும். நாகக்குட்டியும் விரியன் குட்டியும் பிறக்கும்போதே விஷத்தோடு பிறக்கின்றன. கட்டுவிரியன் கடித்தாலோ வலி மிகச் சிறிது. அதனால் ஆபத்தை உணராது உறங்கிப்போனோர் உண்டு. கடி பட்டவரை அசையாது படுக்க வைத்து, கீறாமலும் இறுகக் கட்டாமலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்வதே முறை.

மேலும், இலங்கையிலே வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 முதல் உண்டு. மலைப்பாம்பு உள்ளிட்ட பல பாம்புகள் அதன் காவலில் உள்ளன. அவற்றை அனுமதியின்றிப் பிடித்து வைத்திருத்தல் குற்றம். ஆகவே தந்தை செய்யத்தக்கது, பாம்பைக் கையால் தொடாமலும் போத்தலைத் திறக்க விடாமலும் மகனை அப்பால் அழைத்துச் சென்று, பாம்புகளை அறிந்தவரையோ வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தையோ நாடுதலாகும். அவ்வுயிர் மீண்டும் பற்றைக்காட்டை அடையும்.

எலியைத் தின்று வயலையும் களஞ்சியத்தையும் காக்கும் சாரைக்கு, வேலியோரப் பற்றையே புதுமனை. அதனைத் தீயிட்டு அழிக்காது விடுதலும், வீட்டு வாயிலிலே குப்பையும் விறகும் குவியாது காத்தலும், இரவிலே விளக்கின்றி வெளியே நடவாதிருத்தலும், தரையிலே படுப்போர் நுளம்புவலையைப் பாயின் கீழ் நன்கு செருகிக்கொள்ளுதலும் போதும். அதன் வீட்டில் அதுவும் நம் வீட்டில் நாமும் அச்சமின்றி வாழலாம்.