உடம்பில் ஏறும் கணக்கு

அணுகுண்டு வெடித்தபோது எழும் தூசி, வெடித்த இடத்தோடு நின்றுவிடுவதில்லை. வானத்தின் உயர்ந்த அடுக்குகளுக்கு ஏறி, காற்றோடு பல்லாயிரம் மைல் சென்று, மழையோடும் பனியோடும் மண்ணில் இறங்குகின்றது. அத்தூசியில் உள்ள சீசியம் 137 என்னும் பொருளின் கதிரியக்கம் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 30 ஆண்டுகள் செல்லும். அது மனித உடம்பினுள் எவ்வளவு புகுந்துள்ளது என்பதை எங்ஙனம் அறிவது?

சீசியத்திலிருந்து எழும் காமாக் கதிர்கள் தசையையும் தோலையும் ஊடுருவி வெளியே வருகின்றன. வெளிக்கதிர்கள் நுழையாதவாறு தடித்த உருக்குச் சுவர் அமைத்த அறையில் ஒருவரை இருத்தி, சோடியம் அயடைட்டுப் பளிங்கு ஒன்றை அருகில் வைப்பர். கதிர் படுந்தோறும் பளிங்கில் சிறு ஒளி தோன்றும். அவ்வொளியின் அளவு கதிரின் சக்தியைக் காட்டும். ஆகவே, எல்லோர் உடம்பிலும் இயல்பாகவே உள்ள பொற்றாசியத்தின் கதிர்களையும் சீசியத்தின் கதிர்களையும் வேறுபிரித்து எண்ணலாம்.

ஆயினும், ஒரு நாள் எடுத்த அளவு அந்த நாளின் நிலையை மாத்திரமே சொல்லும். ஏறுகின்றதா, இறங்குகின்றதா என அறிய, ஒரே மக்களை ஆண்டுதோறும் அளத்தல் வேண்டும்.

இத்தகைய அளவீடு வட ஐரோப்பாவில் நிகழ்ந்தது. பின்லாந்தின் இனாரியில் 1960களின் தொடக்கம் முதலும், நோர்வேயின் கௌத்தோகெய்னோவில் 1965 முதலும், மான் மேய்க்கும் சாமி இனத்தார் அளக்கப்பட்டனர். தெற்கேயுள்ள நகரவாசிகளிலும் பன்மடங்கு சீசியம் அவர்கள் உடம்பில் இருந்தது. குண்டு செய்யாத, வெடிக்காத மக்களுக்கு இந்நிலை எதனால் வந்தது? இலைக்கன் என்னும் உயிரினம் வேரின்றிக் காற்றிலிருந்தும் மழையிலிருந்தும் உணவு கொள்வது. விழுந்த தூசி அதில் தங்கிவிடுகின்றது. குளிர்காலத்தில் துருவமான்கள் அதனையே மேய்கின்றன. மான் இறைச்சியே மேய்ப்பர்களின் முதன்மையான உணவு.

வளர்ந்தவர் உடம்பில் புகுந்த சீசியத்தில் பாதி, ஏறத்தாழ 100 நாளில் வெளியேறிவிடும். உணவில் வருவது குறைந்தால் உடம்பில் உள்ளதும் குறையும். 1963இல் அமெரிக்கா, பிரித்தானியா, சோவியத்து ஒன்றியம் ஆகிய மூன்றும் வளிமண்டலப் பரிசோதனைகளைக் கைவிட உடன்பட்டன. 1960களின் நடுப்பகுதியில் உச்சத்தை அடைந்த அளவு, பின்னர் படிப்படியாக இறங்கியது. உடன்படிக்கையின் பயன் மேய்ப்பர் உடம்பிலேயே தெரிந்தது.

1986 ஏப்பிரல் 26இல் சேர்ணோபில் அணு உலை வெடித்தது. நோர்வேயின் நடுப்பகுதியிலும் சுவீடனிலும் தூசி மிகுதியாக விழுந்தது. இறைச்சியை முற்றாகத் தடுத்தால் மேய்ப்பர் வாழ்வே அழியும். ஆதலால், நோர்வே அவ்வாண்டிலேயே மான் இறைச்சிக்குரிய உச்சவரம்பைக் கிலோவுக்கு 6000 பெக்கரல் என உயர்த்தியது. ஆனால், அதனை நாள்தோறும் உண்போரைக் காப்பது எவ்வாறு? அவர்கள் உடம்பை அளந்தனர். உண்ணும் அளவு பற்றி அறிவுரை கூறினர். மான்களை அறுக்குமுன் சில வாரம் தூய தீனி கொடுத்தனர். குடலிலேயே சீசியத்தைப் பற்றிக்கொள்ளும் பிரசிய நீலம் என்னும் பொருளையும் ஊட்டினர்.

வரம்பு என்பது சந்தைக்கு வகுத்தது. அதிகம் உண்பவனுக்கு அது மாத்திரம் காவலாகாது. அவன் உடம்பைத் தொடர்ந்து அளந்து, கண்ட அளவை அவனுக்கும் சொல்லுதலே காவல்.