நிறமும் பொருளும்: ஃபாவிச ஓவியம் – ஓர் அறிமுகம்



மொழிக்கென அமைந்த மேடையில் ஓவியத்திற்கு என்ன இடம் என்னும் வினா எழுதல் இயல்பே. ஒரு சொல் ஒரு பொருளை எவ்வாறு உணர்த்துகிறது என்பது மொழியியலின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. ஒரு நிறம் எதனை உணர்த்துகிறது என்னும் வினாவை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு ஓவியர் சிலர் எழுப்பினர். அவர்தம் இயக்கமே ஃபாவிசம். அவர்கள் கண்ட விடையை இன்று அறிமுக அளவில் காண்போம்.

முதலில் பெயரைப் பார்ப்போம். 1905ஆம் ஆண்டு, பாரிஸ் நகரின் கிராண்ட் பலே மண்டபத்தில் இலையுதிர்காலக் கலைக்காட்சி நடைபெற்றது. அதன் ஏழாம் அறையில் ஆன்ரி மத்தீஸ், ஆந்த்ரே டெரேன், மொரீஸ் விளாமிங்க் முதலியோரின் ஓவியங்கள் வைக்கப்பெற்றிருந்தன. அவற்றின் நடுவே அல்பேர் மார்க் என்பவர் பழைய இத்தாலிய மரபில் வடித்த சிற்பமும் இருந்தது. அதனைக் கண்ட லூயி வோசெல் என்னும் திறனாய்வாளர், மறுமலர்ச்சிக்காலச் சிற்பியாகிய தொனாதெல்லோ காட்டு விலங்குகளிடையே அகப்பட்டுக்கொண்டார் என்னும் கருத்துப்பட எழுதினார். காட்டு விலங்கைக் குறிக்க அவர் ஆண்ட சொல் 'ஃபாவ்'. ஏளனமாகப் பிறந்த சொல்லே இயக்கத்தின் பெயராக நிலைத்தது.

இச்சொல்லின் வரலாறு சுவையானது. 'ஃபாவ்' என்பது முதலில் மஞ்சள் கலந்த பழுப்பு நிறத்தைக் குறித்த சொல். அந்நிறம் உடைய விலங்குகளுக்குப் பின்னர் அதுவே பெயராயிற்று. இலக்கண வகுப்பில் பண்பாகுபெயர் என்று நாம் கற்பிப்பது இதனையே. நிறத்தைப் பொருளினின்று விடுவித்த ஓவியர்களுக்கு, நிறத்திலிருந்து பொருளுக்குச் சென்ற ஒரு சொல் பெயராய் வாய்த்தது.

இவ்வியக்கம் திடீரெனத் தோன்றியதன்று. மத்தீஸ் உள்ளிட்ட சிலர் குஸ்தாவ் மோரோ என்னும் ஓவியரிடம் முறையாகப் பயின்றவர்கள். 1901இல் பாரிஸில் நடைபெற்ற வான்கோவின் ஓவியக் காட்சி இளம் ஓவியர்களை உலுக்கியது. 1904ஆம் ஆண்டுக் கோடையில் மத்தீஸ், பால் சிஞ்ஞாக்கின் அருகிருந்து, நிறத்தைப் புள்ளி புள்ளியாக இடும் முறையைப் பழகினார். அடுத்த கோடையில் எசுப்பானிய எல்லையை ஒட்டிய கொலியூர் என்னும் கடற்கரைச் சிற்றூரில் அவரும் டெரேனும் உடனிருந்து வரைந்தனர். அங்கே புள்ளிகள் விரிந்து பட்டைகளாயின. கடற்கரை மணல் சிவந்தது. மரத்தின் அடி நீலமாயிற்று.

இவர்களுக்கு முன்னிருந்த உணர்வுப்பதிவு ஓவியரும் நிறத்தைப் போற்றியவர்களே. எனினும் அவர்தம் நிறம், அந்த வேளையில் அப்பொருளின்மேல் விழுந்த ஒளிக்குச் சான்றாக நின்றது. ஃபாவிச ஓவியர் அச்சான்று கூறும் கடமையிலிருந்தே நிறத்தை விடுவித்தனர்.

ஓர் எடுத்துக்காட்டைக் காண்போம். 1905இல் மத்தீஸ் தம் துணைவியார் அமேலியின் முகத்தை வரைந்தார். 'பச்சைக் கோடு' என்று வழங்கப்பெறும் அவ்வோவியம் இன்று கோபன்ஹேகனில் உள்ளது. நெற்றியிலிருந்து மூக்கின் வழியே ஒரு பச்சைப் பட்டை இறங்குகிறது. அதன் ஒருபுறம் முகம் மஞ்சளாகவும் மறுபுறம் இளஞ்சிவப்பாகவும் உள்ளது. எந்த மனிதர் முகத்திலும் இத்தகைய கோடு இல்லை. ஆயினும் அதனைக் கையால் மறைத்துப் பாருங்கள், முகம் தட்டையாகிவிடும். ஒளிக்கும் நிழலுக்கும் இடையே எல்லை வகுக்கும் பணியை அக்கோடே செய்கிறது. அம்முகத்தின் அமைதியும் உறுதியும் அதனாலேயே நிமிர்கின்றன.

ஆகவே இஃது இலக்கணமற்ற விடுதலை அன்று. கோபலான் நெசவாலையில் சாயப் பிரிவை மேற்பார்த்த ஷெவ்ரோல் என்னும் வேதியியலார், கறுப்பு நூல் மங்கித் தோன்றுகிறது என்னும் குறையை ஆராய்ந்தார். குறை சாயத்தில் இல்லை. பக்கத்து நிறத்தினால் கண்ணுக்கு அவ்வாறு தோன்றுகிறது என்று கண்டார். அவருடைய நூல் 1839இல் வெளிவந்தது. சிவப்பின் அருகே பச்சையும், நீலத்தின் அருகே செம்மஞ்சளும் கூடுதல் ஒளி பெறும். நிலைமொழியும் வருமொழியும் சேருமிடத்து ஒலி வேறுபடுவதைப் புணர்ச்சி என்கிறோம். நிறங்களுக்கும் ஒரு புணர்ச்சி உண்டு. ஃபாவிச ஓவியர் அதனை அறிந்தே கையாண்டனர்.

நிறம் உணர்வைச் சுட்டும் என்பது தமிழிலக்கணம் அறியாததன்று. தொல்காப்பியத்தின் உரியியல், கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் வெகுளியை உணர்த்தும் என்று முதலில் கூறுகிறது. அவை நிறத்தையும் உணர்த்தும் என்பதை அடுத்த நூற்பாவிலேயே சொல்கிறது. உணர்வு முன்னும் நிறம் பின்னும் வைக்கப்பட்டுள்ள இம்முறை எண்ணத்தக்கது. 'முகம் சிவந்தது' என்று இன்று சொல்லும்போதும், நாம் தோலின் நிறத்தை அளந்து சொல்வதில்லை.

ஃபாவிசத்தின் வாழ்நாள் குறுகியது. 1908அளவில் அதன் ஓவியர்கள் தத்தம் வழியே பிரிந்தனர். இயக்கத்தில் பின்னர் இணைந்திருந்த ஜார்ஜ் பிராக் கனசதுரவியத்தின்பால் சென்றார். ஆயினும் அதன் தாக்கம் நெடுந்தொலைவு பரவியது. சிங்கப்பூரின் முன்னோடி ஓவியருள் ஒருவராகிய லியூ காங், இளமையில் பாரிஸில் பயின்று மத்தீஸ் முதலியோரின் நிறநெறியை உள்வாங்கியவர்.

இங்குள்ள ஆசிரியர்களிடம் நாம் ஒன்று கூற விரும்புகிறோம். நம் மாணவர் கட்டுரைகளில் வானம் எப்போதும் நீலமாகவும், வயல் எப்போதும் பச்சைப் பசேலெனவும் இருக்கின்றன. இவை பிழையற்ற தொடர்கள்; ஆகவே மதிப்பெண் பெறுகின்றன. ஆனால் அவை எழுதிய பிள்ளையைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. தமிழில் சரியாக எழுதலாம், தன் மனத்தை எழுத இயலாது என்று ஒரு பிள்ளை எண்ணத் தொடங்கினால், அதன் மனம் வேறு மொழிக்குக் குடிபெயர்ந்துவிடும். பன்மொழிச் சூழலில் வாழும் நமக்கு இவ்விழப்பு சிறிதன்று.

பிழையைப் பாராட்டுக என்பது நம் கருத்தன்று. மத்தீஸ் வரைகலையை முறையாகக் கற்ற பின்னரே அப்பச்சைக் கோட்டை இட்டார். வழக்கமில்லாத ஓர் அடைமொழியை மாணவர் எழுதும்போது, சிவப்பு மையால் அடிக்கும் முன்னர், "இங்கு இச்சொல்லை ஏன் இட்டாய்?" என்று ஒருமுறை வினவுங்கள். தக்க காரணம் இருப்பின் அச்சொல் நிற்கட்டும். மாணவர்களே, அக்காரணத்தைத் தமிழில் சொல்லப் பழகுங்கள்.