கண்டியிலிருந்து சென்னை எவ்வளவு தூரம்?



கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து சென்னை விமான நிலையம் நேர்கோட்டில் சுமார் 645 கிலோமீற்றர். திருச்சி இன்னும் கிட்ட, ஏறத்தாழ 415. திருச்சிக்குப் பறக்க ஒரு மணித்தியாலம் போதும். சென்னைக்குக் கொஞ்சம் கூடுதலாகும். கண்டியிலிருந்து கட்டுநாயக்கவோ நேர்கோட்டில் 85 கிலோமீற்றர்தான். அதைக் கடக்க நமக்கு மூன்று மணித்தியாலம் பிடிக்கிறது, சில நாட்களில் நான்கும் ஆகிறது.

மலைதான் காரணம். வளைந்து வளைந்து போகும் பாதை 110 கிலோமீற்றரை எட்டிவிடுகிறது. பேராதனை தாண்டிக் கடுகண்ணாவ இறக்கத்தில் பாரமேற்றிய லொறியொன்று முன்னால் போனால், அதன் வேகம்தான் நம்முடைய வேகம். முந்த இடமில்லை, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மாவனெல்லை, கேகாலை, வரக்காபொலை என்று ஒவ்வொரு பட்டினமும் தன் பங்குக்கு நேரம் எடுக்கும். அடைமழையில் பஹல கடுகண்ணாவையில் மண் சரிந்து பாதையை மூடியதும் உண்டு.

டிக்கெட்டில் போட்டிருக்கும் நேரத்தையும் சரியாகப் படிக்க வேண்டும். விமானம் தரிப்பிடத்தைவிட்டு நகர்வது முதல், போய்ச் சேர்ந்த இடத்தில் நிற்பது வரை எல்லாம் அதில் அடக்கம். புறப்படும் நேரம் நம் ஊர் நேரம். இறங்கும் நேரம் அந்த ஊர் நேரம். இந்தியாவுக்கும் நமக்கும் ஒரே நேரம்தான், குழப்பமில்லை. டுபாய் நம்மைவிட ஒன்றரை மணித்தியாலம் பிந்தியது. ஆகவே இரவு 10 மணிக்குப் புறப்பட்டு அங்கே 1 மணிக்கு இறங்குவதாகப் போட்டிருந்தால், பயணம் மூன்று மணித்தியாலமல்ல, நாலரை. தோட்டத்திலிருந்து முதன்முறை வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு இதை யாராவது சொல்லிக் கொடுக்க வேண்டும். வீட்டார் அழைப்பை எதிர்பார்த்துக் கலங்கி நிற்பது அந்த வித்தியாசம் தெரியாததால்தான்.

கண்டிக்கே விமான நிலையம் வந்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. பெரிய ஜெட் விமானத்துக்கு இரண்டு, மூன்று கிலோமீற்றர் சமதரை வேண்டும்; மலைகள் சூழ்ந்த நம் ஊரில் அதைத் தேடுவது கடினம். நீரில் இறங்கும் சிறு விமானங்கள் பொல்கொல்லை நீர்த்தேக்கத்துக்கு வந்திருக்கின்றன. அரை மணித்தியாலத்தில் கொண்டுவந்து சேர்த்தாலும், எட்டுப் பேர்வரை ஏறும் அந்தச் சவாரி சுற்றுலாப் பயணியின் பணப்பைக்கு உரியது. சாதாரண மக்களுக்கு உதவப்போவது மத்திய அதிவேகப் பாதைதான். மீரிகமவிலிருந்து குருநாகல் வரையான பகுதி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. பொத்துஹெரவிலிருந்து கலகெதரை வரையான பகுதியும் முடிய வேண்டும். விமான நிலையம் கேட்பதைவிட அதைக் கேட்பதே நியாயமான கோரிக்கை என்பேன்.

அதுவரை கணக்கு இதுதான். காலை 10 மணி விமானமென்றால் 7 மணிக்கு விமான நிலையத்தில் நிற்க வேண்டும். அதிகாலை 3 மணிக்குக் கண்டியைவிட்டுப் புறப்படுங்கள். மழைக்காலமென்றால் முதல் நாள் மாலையே போய், நீர்கொழும்புப் பக்கம் உறவினர் வீட்டில் தங்கிக்கொள்ளுங்கள்.