ஒரு ரூபாய் இட்டிலி



2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தை நாம் எளிதில் மறந்துவிட முடியாது. அந்த மாதம் 18ஆம் தேதி நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. ஒரு வாரம் கழித்து, 25ஆம் தேதி, இந்தியா முழுவதும் ஊரடங்கு. அங்கே அறிவிப்பு வந்தது முதல்நாள் இரவு எட்டு மணிக்கு; நள்ளிரவு முதல் அமல். நான்கு மணி நேரத்தில் யார் எங்கே போய்ச் சேர முடியும்? ரயில் இல்லை, பஸ் இல்லை. வேலை தேடி வெளி மாநிலங்களுக்குப் போயிருந்த இலட்சக்கணக்கான தொழிலாளர்கள் போன இடத்திலேயே சிக்கிக்கொண்டார்கள். பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் நடந்தவர்களின் படங்களை நாம் தொலைக்காட்சியில் பார்த்தோம்.

தமிழ்நாட்டில் கோயம்புத்தூர் அப்படி வந்தவர்கள் நிறைந்த ஊர். நூல் ஆலை, வார்ப்படப் பட்டறை, கட்டட வேலை என்று பீகார், ஒடிசா, ஜார்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்து உழைக்கிறார்கள். அந்த நகருக்கு மேற்கே பேரூர் இருக்கிறது. அதற்கும் அப்பால், மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரப் பக்கமாக, வடிவேலம்பாளையம் என்று ஒரு சிற்றூர். அங்கே கமலாத்தாள் என்ற மூதாட்டி, வயது எண்பதைத் தாண்டியவர், ஒரு ரூபாய்க்கு ஓர் இட்டிலி விற்றுவந்தார். ஆத்தாள் என்று முடிகிற பெயரைக் கேட்டதுமே கொங்கு நாட்டுப் பூர்வீகமுள்ள குடும்பத்தாருக்குத் தம் வீட்டுப் பெரியவர்களின் நினைவு வந்திருக்கும்.

ஒரு ரூபாய் என்றால் நம் பணத்தில் ஆறு காசுகூட ஆகாது. அதற்குச் சட்டினியும் உண்டு, சில நாள் சாம்பாரும் உண்டு.

இந்தக் கடை எப்படி வந்தது? கமலாத்தாள் பெரிய கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்தவர். பத்துப் பேர், பதினைந்து பேர் உண்ணும் வீட்டில் மாவாட்டுவது அவருக்குப் புதிதல்ல. வீட்டார் காலையில் காட்டு வேலைக்குப் போய்விடுவார்கள். தனியே இருப்பானேன் என்று இட்டிலி சுட்டு விற்கத் தொடங்கினார். 2019இல் செய்தியாளர்கள் அவரைத் தேடிப் போனபோது, தொடங்கி முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. பல காலம் ஓர் இட்டிலி ஐம்பது பைசா. பிறகுதான் ஒரு ரூபாய்.

விலையை ஏற்றச் சொன்னவர்கள் பலர். அவர் இசையவில்லை. அக்கம்பக்கத்தில் இருப்பவர்கள் கூலி வேலை செய்கிறவர்கள். காலைப் பலகாரத்துக்கே பதினைந்து, இருபது ரூபாய் கொடுப்பது அவர்களுக்குச் சுமை. வயிறும் நிறைய வேண்டும், கையில் நாலு காசும் மிஞ்ச வேண்டும். அவர் சொன்ன காரணம் இவ்வளவுதான்.

இதை நாம் வகுப்பில் சொன்னபோது ஒரு பையன் எழுந்து, "சார், அப்படி விற்றால் நட்டம் வராதா?" என்று கேட்டான். நல்ல கேள்வி. கரும்பலகையில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். நாளொன்றுக்கு ஆயிரம் இட்டிலி வரை விற்றதாகச் செய்தி. ஆக ஆயிரம் ரூபாய் வரவு. அரிசி, உளுந்து, தேங்காய், கடலை எல்லாம் போக இருநூறு ரூபாய் மிஞ்சியது என்று அவரே சொல்லியிருக்கிறார். ஆகவே நட்டம் இல்லை. ஆனால் ஒரு செலவை அவர் கணக்கில் எழுதவே இல்லை. அதுதான் அவருடைய உழைப்பு. ஆட்டுக்கல்லில் மாவாட்ட மட்டும் நான்கு மணி நேரம். பாத்திரத்தில் ஒரு தடவைக்கு வேகும் இட்டிலி 37. ஆயிரத்தை முப்பத்தேழால் வகுத்தால் இருபத்தேழு தடவை அடுப்பில் ஏற்றி இறக்க வேண்டும். அதுவும் விறகடுப்பில், புகையில், அந்த வயதில். தாய்மார்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இட்டிலியைப் பற்றியும் இரண்டு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. அரிசியும் உளுந்தும் ஊறி, அரைபட்டு, இரவெல்லாம் இருக்கும்போது, அவற்றில் இயல்பாகவே உள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்கள் பெருகுகின்றன. அவை மாவிலுள்ள சர்க்கரைப் பொருளைத் தின்று புளிப்பையும் காற்றையும் உண்டாக்குகின்றன. அந்தக் காற்றுதான் மாவைப் பொங்க வைக்கிறது. உளுந்தின் பசைத்தன்மை அதை வெளியே விடாமல் பிடித்துக்கொள்கிறது. அரிசியில் குறைந்திருக்கும் புரதச் சத்து உளுந்தில் இருக்கிறது. உளுந்தில் குறைவானது அரிசியில் இருக்கிறது. எண்ணெய் இல்லை, குழந்தைக்கும் கிழவருக்கும் செரிக்கும். விடியுமுன் பிரட்டுக்குப் போகும் தோட்டத்து வீட்டில் தேநீரும் ரொட்டியும்தான் காலை ஆகாரம் என்று ஆகிவிட்டது. நேரமில்லை என்பது உண்மைதான். மாவை முதல்நாளே ஆட்டி வைத்தால் காலையில் பத்து நிமிட வேலை என்பதும் உண்மைதான்.

ஊரடங்குக் காலத்துக்கு வருவோம். வேலை இல்லை, கூலி இல்லை. ஊருக்குத் திரும்ப வழியில்லாத வெளி மாநிலத் தொழிலாளர்கள் கமலாத்தாளின் திண்ணைக்கு வரத் தொடங்கினார்கள். அவர்கள் பேசும் மொழி அவருக்குத் தெரியாது. பருப்பு விலையும் மற்றச் சாமான் விலையும் ஏறிவிட்டன. அப்போதும் விலை ஒரு ரூபாய்தான். செய்தி பரவி, சிலர் அரிசியும் உளுந்தும் அனுப்பி உதவினார்கள்.

பத்திரிகைகள் இதைத் தருமம் என்று எழுதின. இருக்கலாம். ஆனாலும் அந்த ஒரு ரூபாயை நாம் சற்று நின்று பார்க்க வேண்டும். இலவசமாகவே கொடுத்திருக்கலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பிழைக்க வந்த இடத்தில் கையேந்தி நிற்பது உழைப்பாளிக்குப் பசியைவிடப் பெரிய துன்பம். ஐந்து ரூபாயை நீட்டி ஐந்து இட்டிலி வாங்குகிறவன் விருந்தாளியும் அல்ல, பிச்சைக்காரனும் அல்ல; அவன் கடைக்கு வந்த ஆள். வடலூரில் இராமலிங்க அடிகள் 1867இல் தொடங்கிய தருமசாலையில் இலவசமாகத்தான் அன்னம் இடுகிறார்கள். அன்று மூட்டிய அடுப்பு அணையாமல் காக்கப்பட்டு வருகிறது. அது ஒரு வழி, இது ஒரு வழி. எது உயர்ந்தது என்ற பட்டிமன்றத்துக்கு நாம் போகவில்லை. கமலாத்தாளின் வழி தோட்டத்து மனிதர்களுக்குச் சுலபமாகப் புரியும் என்று மட்டும் நினைக்கிறோம்.

புதிதாக வந்திறங்கியவனுக்கு அவன் உண்ணக்கூடிய சோறு கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதற்கு அமெரிக்காவிலிருந்து ஒரு செய்தி. நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்று ஒன்று உண்டு. 1892 முதல் 1954 வரை, குடியேற வந்தவர்களை அங்கே நிறுத்திச் சோதித்தார்கள். கிழக்கு ஐரோப்பாவிலிருந்து தப்பி வந்த யூதக் குடும்பங்கள் பலவற்றுக்கு அங்குள்ள உணவு ஆகவில்லை. அது அவர்களுடைய சமய விதிப்படி சமைத்ததல்ல. பட்டினி கிடந்தார்கள். உடல் தளர்ந்தவர்களை வேலைக்கு உதவாதவர்கள் என்று கப்பலேற்றித் திருப்பி அனுப்பும் வழக்கமும் அங்கே இருந்தது. பசி அவர்களுடைய எதிர்காலத்தையே பறித்துவிடும் நிலை. 1911இல் யூதர்களின் உதவிச் சங்கம் முயன்று, அவர்களுக்கென்று தனிச் சமையற்கட்டு ஒன்றை அத்தீவில் ஏற்படுத்தியது.

நம் முன்னோர்களும் அப்படி வந்தவர்கள்தாமே? நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறி, பினாங்கு வந்து, ஜெரஜாக் தீவின் தடுப்பு முகாமில் நாட்களை எண்ணியவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ரஜூலா கப்பலில் வந்தவர்கள் வீட்டுக்கு வீடு இருந்தார்கள். இன்று நம் செங் வட்டாரத்தில் பால்மரம் நின்ற இடங்களில் தொழிற்சாலைகள் நிற்கின்றன. அங்கும், செம்பனைத் தோட்டங்களிலும், வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் வேலை செய்கிறார்கள். சில தோட்டங்களில் நம் பாட்டனார் குடியிருந்த அதே லயத்தில் அவர்கள் குடியிருக்கிறார்கள். 'அந்நியத் தொழிலாளி' என்று நாம் அவர்களைச் சொல்லும் குரலும், நம் தாத்தாவை ஒரு காலத்தில் பிறர் அழைத்த குரலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. அவர்களால் சம்பளம் உயராமல் போகிறது என்ற நம்மவர் குறையிலும் நியாயம் உண்டு. அதைக் கேட்க வேண்டிய இடம் முதலாளியின் மேசை. பக்கத்து வீட்டு வாசல் அதற்கு இடமல்ல.

கமலாத்தாளுக்குப் பிறகு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். 2019 செப்டம்பரில் மகிந்திரா நிறுவனத்தின் தலைவர் ஆனந்த் மகிந்திரா அவருடைய படக்காட்சியைப் பார்த்தார். அந்த விறகடுப்பு அவர் கண்ணில் பட்டது. எரிவாயு அடுப்பு வாங்கித் தர விரும்புவதாக எழுதினார். அதற்குள் கோயம்புத்தூர் பாரத் எரிவாயு நிறுவனத்தார் இணைப்பே கொடுத்துவிட்டார்கள். அடுத்து, குடியிருக்கவும் இட்டிலி சுட்டு விற்கவும் ஏற்ற வீடொன்று வேண்டும் என்பது மூதாட்டியின் விருப்பமாக இருந்தது. அந்த வீடு 2022 மே மாதம், அன்னையர் தினத்தன்று, அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.